எட்டை இரண்டு முறை எண்ணுகிறவர்

மருந்து கொடுக்கும் என் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு மாடிப்படி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு லிப்ட் வந்த பிறகு அந்தப் படியில் யாரும் ஏறுவதில்லை. இருபத்துநாலு படி, நடுவில் ஒரு திருப்பம். பத்தொன்பது வருஷமாக நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று மாத்திரை எண்ணுகிறேன், எங்கள் பிசியோதெரபிஸ்ட் வெளியே நின்று படி எண்ணுகிறார். என் எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் என் தலை உருளும். அவர் எண்ணிக்கையில் தினமும் ஒன்று பிசகும். வேண்டுமென்றேதான் பிசகும்.

பிசியோதெரபிஸ்ட் என்ற பெயர் இங்கே பாதிப் பேருக்கு வாயில் நுழைவதில்லை. "கால் சார்" என்பார்கள், "நடை டாக்டர்" என்பார்கள். கடைசியில் ஆஸ்பத்திரி முழுக்க நிலைத்துவிட்ட பெயர் "இன்னொண்ணு". "அவ்வளவுதான், கடைசி ஒண்ணு" என்று ஆசை காட்டி நோயாளியைக் காலைத் தூக்க வைப்பார். தூக்கி முடித்ததும் ஒன்றும் தெரியாத முகத்தோடு "இன்னொண்ணு" என்பார். எண்ணும்போதும் அப்படித்தான். ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது. ஒரு வாரத்தில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். "ஏமாத்திட்டீங்களே சார்!" என்று திட்டுவார்கள், சிரிப்பார்கள், அந்த அதிகப்படி ஒன்றையும் செய்துவிடுவார்கள். அந்தத் திருட்டு எட்டில் எழுந்து நடந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் அதைப் பொய் என்று நானும் ஒரு நாளும் சொன்னதில்லை. கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயது. உள்ளங்கை இரண்டும் கெட்டியாக, சூடாக இருக்கும். எந்நேரமும் யார் காலடியிலாவது முட்டி போட்டுக்கொண்டிருப்பதால் அவருடைய எல்லா பேண்ட்டும் முழங்காலில் மட்டும் வெளுத்திருக்கும். மனைவி துணி தைக்கிறவர். "உள்பக்கம் ஒட்டுப் போட்டுப் போட்டு என் கை ஓஞ்சு போச்சு" என்று என்னிடம் முறையிடுவார். வீடு தரைத்தளத்தில்தான் வேண்டும் என்று தேடித் தேடிப் பிடித்தார். படிக்கட்டைப் பார்த்தாலே வேலை ஞாபகம் வந்துவிடுகிறதாம். ஒரே மகள். அந்தக் குட்டி ஒரு நாள் என் ஜன்னலுக்கு வந்து, "எங்கப்பா எனக்குக் கணக்கு சொல்லித் தர வேண்டாம் அத்தை, எட்டுக்கு அப்புறம் எட்டுன்னு எழுத வெச்சிடுவாரு" என்றது. நான் சிடுமூஞ்சி என்று இங்கே பெயர் வாங்கினவள். அன்றைக்கு நானே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. டாக்டர், நர்ஸ், மருந்தாளர், பிசியோ, லேப், உணவு ஆலோசகர் என்று ஆறு பிரிவுக்கும் தனித்தனியாக நெறிமுறைப் புத்தகம் இருக்கிறதாம், அதையெல்லாம் சேர்த்து ஆஸ்பத்திரிக்குப் பொதுவாக ஒன்று எழுத வேண்டுமாம். ஆறு பேர் ஆறு புத்தகத்தோடு உட்கார்ந்தோம். வெளியே என் ஜன்னலில் வரிசை வாசல்வரை நின்றது. எனக்குச் சரியான கடுப்பு. பிரித்துப் பார்த்தால் ஆறிலும் ஒரே பேச்சு. தீங்கு செய்யாதே. சம்மதம் கேட்காமல் தொடாதே. அவர்கள் சொன்னதை வெளியே விடாதே. ஆள் பார்த்து நடத்தாதே. "கல்யாணத்துக்கு ஆறு பேரு ஒரே புடவையைக் கட்டிட்டு வந்த மாதிரில்ல இருக்கு!" என்றார் தலைமை நர்ஸ். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

மூன்றாவது வரியை எழுதினது இன்னொண்ணு. "நோயாளி கேட்டால், அவருக்குப் புரியும்படி உண்மையைச் சொல்வோம்." நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும், "யாரு சொல்றது?" என்றேன்.

"என்னக்கா கேள்வி இது? எல்லாரும்தான்" என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் மருந்து அறையில் எல்லோருடைய வேலை என்று எதை வைத்தாலும் அது நடக்காது. குளிர்பெட்டியைப் பூட்டுவது எல்லோருடைய வேலையாக இருந்தவரை அது திறந்தே கிடந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். வரிசை ஞாபகம் வந்தது. "சரி சரி, எழுதுங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் தேறிய ஏழு வரியையும், நெடுநாள் நோயாளிகளுக்குக் கொடுக்கும் கெட்டி அட்டையின் பின்பக்கம் அச்சடித்தார்கள். அந்த நோயாளியைப் பார்க்கிற ஒவ்வொருவரும் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். முன்பக்கம் இன்னொண்ணுவின் ஏற்பாடு. முதல் நாளே நோயாளியிடம், "நல்லா ஆனதும் என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்பார். பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுவார். 'பேத்தியைத் தூக்கணும்.' 'பாத்ரூமுக்கு யாரும் கூட வராம போகணும்.' ஒரு ஆள், 'மாமியார் வீட்டுக்குப் போக முடியாதுன்னு சொல்ற அளவுக்கு மட்டும் வலி இருக்கணும்' என்றாராம். அதையும் அப்படியே எழுதி வைத்திருந்தார்.

லிப்ட் மெக்கானிக் வந்தது போன வருஷம். ஐம்பத்தெட்டு வயது. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வந்த ஆள் எங்கள் லிப்டுக்குள் நுழைந்ததும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கதவு ரோலர் தேஞ்சிருக்கு, யாரு பாக்கறா இதை?" என்று சிப்பந்தியைத் திட்டினாராம். எனக்கு அங்கேயே பிடித்துப் போயிற்று.

புற்றுநோய் சிறுநீரகத்தில் ஆரம்பித்து முதுகெலும்புக்கு வந்திருந்தது. கதிர்வீச்சு கொடுத்துக் கட்டியைச் சுருக்கினார்கள். கால் கொஞ்சம் உயிர் பெற்றது. உயிர் பெற்றது கால் மட்டும்தான். டாக்டர் அவர் மனைவியைத் தனியே கூப்பிட்டு, "ரெண்டு மாசம். மிஞ்சிப்போனா மூணு" என்று சொன்னார். அந்த அம்மா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மனசு விட்டுட்டார்னா அப்பவே போயிடுவார். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்." டாக்டர் நல்ல மனுஷர். அவரால் அந்தக் கையை உதற முடியவில்லை. முதுகெலும்பில் தேய்மானம், ஒரு சின்னக் கட்டி, கரைத்தாயிற்று என்று மெக்கானிக்கிடம் சொன்னார்கள்.

அட்டை ஒவ்வொரு மேஜையாக வந்தது. பின்பக்கம் ஏழு வரி. டாக்டர் கையெழுத்துப் போட்டார், வீட்டார் தயாராகட்டும் பிறகு சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு. நர்ஸ் போட்டார், அது டாக்டர் வாயால் வர வேண்டியது என்று. லேப்காரர் போட்டார், நான் ரிசல்ட் எழுதுகிறவன்தானே என்று. கஞ்சி எத்தனை தம்ளர் என்று எழுதுகிறவர் போட்டார். நானும் போட்டேன். சீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறவள் நான், எனக்கென்ன வந்தது? இன்னொண்ணுவும் போட்டார். அவர் நினைத்தது என்னவென்று தெரியாது. அட்டையின் முன்பக்கத்தில் அவர் கைப்பட எழுதியிருந்தது இது: 'என் தம்பி வீட்டு மாடிக்கு நானே ஏறிப் போகணும். இருபத்திரண்டு படி.'

வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு வாரத்துக்கு நாலு நாள் பயிற்சிக்கு வருவார். முதல் தடவை மருந்து வாங்க ஜன்னலுக்கு நாற்காலியைத் தள்ளச் சொல்லி அவரே வந்தார். கடும் வலிக்கான மாத்திரை, பூட்டி வைத்து எண்ணிக் கொடுக்க வேண்டியது. அதைப் புரட்டிப் பார்த்தார்.

"மேடம், இது எதுக்கு?"

"வலிக்கு."

"வலி எதுக்கு?"

"அதை டாக்டர்கிட்ட கேளுங்க. அடுத்து!" என்று கத்தினேன். அவருக்குப் பின்னால் வரிசையில் ஒரு ஈ காக்கை இல்லை. அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பச் சொன்னார். நான் அன்று வீட்டில் என் புருஷனிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

படிகளின் நெற்றியில் இன்னொண்ணு சாக்பீஸால் எண் எழுதினார். இருபத்திரண்டாவதில் ஒரு கோடு. முதல் நாள் இரண்டு படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே நாற்காலி தயாராக. முன்னதாகக் கீழேயே காலைத் தூக்கும் பயிற்சி. ஏழு, எட்டு, எட்டு...

"சார். எட்டு ரெண்டு தடவ வந்துச்சு" என்றார் மெக்கானிக்.

"அப்படியா?"

"என்கிட்ட எண்ணிக்கையில விளையாடாதீங்க. இன்னொண்ணு வேணும்னா கேளுங்க, செய்யறேன். முப்பத்தஞ்சு வருஷம் மாடி எண்ணிப் பிழைச்சவன் நான்."

இன்னொண்ணுவின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு சிரித்தார். அன்றிலிருந்து அந்த ஒரு ஆளுக்கு மட்டும் எட்டு ஒரு தடவைதான். அதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. ஒவ்வொரு படிக்கும் முன்னால் மெக்கானிக் "வெக்கவா?" என்று கேட்பார். இன்னொண்ணு "வைங்க" என்ற பிறகுதான் கால் நகரும். லிப்ட் வேலையில் அப்படித்தானாம். மேலே ஒருத்தன் கயிற்றிலும் சக்கரத்திலும் கை வைத்து வேலை செய்வான். கீழே சுவிட்ச் அருகில் இருக்கிறவன் "போடவா?" என்று கத்த வேண்டும். மேலேயிருந்து "போடு" என்று பதில் வராமல் சுவிட்சைத் தொடக் கூடாது.

அந்தப் படிக்கட்டில் பேசினால் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி அப்படியே என் ஜன்னலுக்கு வந்துவிடும். நான் ஒட்டுக்கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொள்ளக் கை ஒழியவில்லை, அவ்வளவுதான். பத்து படி ஏறின அன்று திருப்பத்துக்குக் கீழே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மெக்கானிக் சொன்னார்.

"பதினோரு வருஷமா தம்பியும் நானும் பேசறதில்ல சார். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வேலைக்குப் போவோம். அன்னிக்கு அவன் மேல, நான் கீழ. நான் சுவிட்சைப் போட்டேன். அவன் வலது கையில மூணு விரல் போச்சு."

"ஐயையோ."

"'போடவா'ன்னு கேட்டேன், 'போடு'ன்னான், என் காதால கேட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அவன் முதல்ல இல்லவே இல்லன்னான். நான் அடிச்சு அடிச்சு சொன்னதுல, மோட்டார் சத்தத்துல ஒருவேளை சொல்லிட்டோமோன்னு அவனுக்கே சந்தேகம் வந்துடுச்சு. இன்னி வரைக்கும் அந்தச் சந்தேகத்தோடதான் இருக்கான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் சொல்லல சார். நான் பதிலுக்குக் காத்திருக்கல. வீட்டுக்குப் போற அவசரம். அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்."

"போன்ல சொல்லிடலாமே?"

"பதினோரு வருஷப் பொய்யை போன்லயா?"

"கூப்பிட்டா வர மாட்டாரா?"

"தப்பு பண்ணவன் நான், அவன் எதுக்கு வரணும்? நாற்காலியில தூக்கிட்டுப் போனா, ஐயோ பாவம்னு மன்னிச்சிடுவான். அது எனக்கு வேண்டாம். அவனுக்கு ரெண்டு அறை அறையணும்னு தோணினா, அறை வாங்கற மாதிரி நான் நேரா நிக்கணும். அதுக்குத்தான் சார் இந்தக் கால்."

மாத்திரைப் பட்டையை வைத்துக்கொண்டு நான் எத்தனை எண்ணினேன் என்பதே மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

பிறகு பன்னிரண்டு, பதிமூன்று, ஒரு செவ்வாய்க்கிழமை பதினைந்து. திருப்பத்தைத் தாண்டிவிட்டார். இன்னொண்ணு கைதட்டியதில் வார்டிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். அவர் மனைவி கீழே நின்று அழுதார். நானும் மடச்சி மாதிரி சந்தோஷப்பட்டேன். எனக்குத் தெரியாதா? சீட்டில் அந்த மாத்திரையின் அளவு இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகியிருந்தது. எழுதினது டாக்டர், எண்ணிக் கொடுத்தது நான்.

அதற்கடுத்த வாரம் ஒன்பது. வெள்ளிக்கிழமை ஆறு. ஆறாவது படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"போன வாரம் பதினஞ்சு. இன்னிக்கு ஆறு. மோட்டார் இழுக்கல சார்."

"ரெண்டு நாள் அசதியா இருக்கும்..."

"என் தொழில்ல கயிறு தேஞ்சா தேஞ்சிருக்குன்னு சொல்லிடணும். அடுத்த மாசம் பாக்கலாம்னு மழுப்பினா ஆள் செத்துடுவான். நான் கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதை நம்பி நான் நடந்துக்குவேன். இந்த இருபத்திரண்டையும் நான் ஏறுவேனா?"

இன்னொண்ணு என் ஜன்னலைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. நான் ஒரு சின்னத் தலையசைப்பு காட்டியிருந்தால் போதும், 'சொல்லிடுங்க' என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு மாத்திரை எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவதற்கு என் முன்னால் மாத்திரையே இல்லை, வெறும் தட்டு.

"ஏறுவீங்க" என்றார் இன்னொண்ணு. "மூணு வாரம். மூணு வாரத்துல ஏறிடுவீங்க."

"சரி" என்றார் மெக்கானிக். அவ்வளவு லேசாக, அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து போகும்போது லிப்டைப் பார்த்து ஏதோ கிண்டல்கூடச் செய்தார்.

மத்தியானம் நான் ஜன்னலை மூடிவிட்டு நேரே அவர் அறைக்குப் போனேன்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? உங்களுக்கு மூளை இருக்கா?"

"நீங்க ஏன்க்கா தலையைக் குனிஞ்சீங்க?"

அவர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "இத்தனை வருஷமா இதைத்தானே சொல்லிட்டிருக்கேன். முடியும், இன்னொண்ணு, முடியும். என் வாய் தானா சொல்லிடுச்சுக்கா. வேற பேச்சு அதுக்குத் தெரியல." பிறகு, "திங்கக்கிழமை டாக்டரைப் பார்த்து, ரெண்டு பேருமா உட்கார்ந்து சொல்லிடறோம்" என்றார். திங்கள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கும் ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை மெக்கானிக்கின் மனைவி மாத்திரை வாங்க வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பொறுக்க முடியாமல் அந்த அம்மா கொழுந்தனுக்கு போன் செய்து, அண்ணனுக்கு நாள் இல்லை என்ற உண்மையைச் சொல்லிவிட்டாராம். "பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அவரே போன் பண்ணினார் மேடம். 'அண்ணா, நான் வரட்டுமா'ன்னு கேட்டார். எனக்கு ஒரே அழுகை. இவரு என்ன சொன்னார் தெரியுமா? 'நீ வராதே. மூணு வாரத்துல நானே வர்றேன், படியேறி வர்றேன், சார் சொல்லியிருக்கார்'னுட்டார். எவ்வளவு தெம்பு பாருங்க! சார் புண்ணியம்."

அந்த அம்மாவை உலுக்கி, 'இப்பவே ஓடிப்போய் அந்தத் தம்பியைக் கூட்டிட்டு வாங்க' என்று கத்த வேண்டும்போல இருந்தது. "மாத்திரையை எண்ணிப் பாத்துக்குங்க" என்றேன். இந்த வாய் இருந்தென்ன, வெந்தென்ன?

அந்தச் செய்தியை இன்னொண்ணுவிடம் சொன்னேன். சுவரில் சாய்ந்துவிட்டார். திங்கட்கிழமை காலை டாக்டரின் அறை வாசலில் எட்டு மணிக்கே நின்றார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். சொல்லத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன் என்றார். வீட்டாரைக் கூப்பிட்டு, நர்ஸையும் வைத்துக்கொண்டு, முறையாகச் செய்வோம், அவசரப்பட்டு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்றார். வியாழக்கிழமை பதினோரு மணி என்று குறித்தார்கள். எல்லோரும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டோம். எல்லோரும் சேர்ந்து சொல்லப் போகிறோம் என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிம்மதி.

புதன்கிழமை காலை மெக்கானிக் காபி கேட்டாராம். மனைவி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

எட்டாம் நாள் என் ஜன்னலில் ஒரு ஆள் நின்றார். மீந்துபோன அந்த மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, கொண்டுவந்து எண்ணிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பையை வைத்த கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. எனக்கு யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் எண்ணினோம். முப்பத்தொன்று. அந்த இரண்டு விரலுக்கு நடுவில் பேனாவை இடுக்கி மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துப் பையிலிருந்து அட்டையை எடுத்தார்.

"இது அண்ணனோட தலைமாட்டுல இருந்துச்சு. இதை எழுதினவரைப் பார்க்கணும்."

இன்னொண்ணு படிக்கட்டின் கீழேதான் இருந்தார். நான் கூப்பிட்டேன். அவர் வந்து அந்தக் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அண்ணன் என் வீட்டுக்கு வரணும்னு எழுதியிருக்கீங்க" என்றார் தம்பி. "எதுக்குன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

நோயாளி சொன்னதை வெளியே விடாதே என்பதும் அந்த அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது. இன்னொண்ணு அதைப் பார்த்தாரா என்று தெரியாது.

"சொன்னாருங்க. அன்னிக்கு நீங்க 'போடு'ன்னு சொல்லவே இல்லையாம். அவருதான் பதிலுக்குக் காத்திருக்காம போட்டுட்டாராம். உங்க மேல தப்பே இல்ல. அதை உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னுதான் படியேறினாரு."

தம்பியின் முகம் ஒரு நொடி அப்படியே திறந்தது. பதினோரு வருஷமாக இந்த ஒரு சொல்லுக்குக் காத்திருந்த முகம். பிறகு அது மெல்ல மூடிக்கொண்டது.

"அண்ணி சொன்னாங்க. அவருக்கு நாள் இல்லைன்னு உங்க எல்லாருக்கும் முன்னாலயே தெரியும்னு."

இன்னொண்ணு தரையைப் பார்த்தார்.

"இருபத்திரண்டும் ஏறிடுவீங்க, மூணு வாரம்னு சொன்னதும் நீங்கதானே சார்? அதை நம்பித்தான் என்னை வராதேன்னார்." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "சாகப்போறவருக்கு ஆறுதலா ஒரு பேச்சு சொன்னீங்க. இப்ப எனக்கு ஆறுதலா ஒரு பேச்சு சொல்றீங்க. அப்படித்தானே?"

"இல்லைங்க, சத்தியமா..." இன்னொண்ணு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களும் கேட்டீங்களே. நீங்க சொல்லுங்கக்கா."

"ஆமாங்க. என் காதால கேட்டேன்" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. 'என் காதால கேட்டேன்' என்ற பேச்சை இந்த ஆள் பதினோரு வருஷம் கேட்டுச் சலித்தவர்.

தம்பி அட்டையைத் திருப்பினார். மூன்றாவது வரியில் கட்டைவிரலை வைத்தார். அதைக் கீழே இறக்கிக்கொண்டு போய் என் கையெழுத்தில் நிறுத்தினார். "இது மேடம்தானே?" என்றார்.

"ஆமா."

"நீங்க சொல்றது உண்மையாவும் இருக்கலாம். அது எனக்கு இனிமே தெரியப்போறதில்ல." அட்டையை ஜன்னல் பலகையில் வைத்தார். "இது உங்களோடது" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

இன்னொண்ணு அப்படியே முதல் படியில் உட்கார்ந்தார். நான் ஜன்னலை மூடவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன், அந்த வார்த்தையே அருவருப்பாக இருந்தது. வரிசையில் ஆள் வந்துவிட்டார்கள்.

இப்போதும் அவர் அதே படிக்கட்டில்தான் இருக்கிறார். சாக்பீஸ் கோட்டைத் துடைத்துவிட்டார். எண்ணிக்கை சுத்தமாக இருக்கிறது. ஏழு, எட்டு, ஒன்பது. பத்து என்று சொன்னால் பத்தோடு நிறுத்திவிடுகிறார். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் பெயருக்கு என்ன அர்த்தம் என்றே புரிவதில்லை. போன மாதம், பக்கவாதம் வந்த ஒரு பெண் படியில் நின்று, "நான் நடப்பேனா சார்?" என்று கேட்டாள். நடக்கிற கேஸ்தான் அது. யாரைக் கேட்டாலும் நடப்பாள் என்பார்கள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலைக் கீழே இறக்கி நாற்காலியைக் கேட்டாள்.